பெருக்காத இருபத்திரண்டு நாள்

தையல் மெஷின் ரிப்பேர்காரருக்குத் தூசி ஆகாது. பாபின் கூட்டுக்குள் ஒரு நூல் பிசிறு தெரிந்தால் இடுக்கியால் அதை எடுத்த பிறகுதான் அடுத்த பேச்சு. கடை பூங்காவுக்கு எதிரே. நகராட்சியும் குடியிருப்போரும் சேர்ந்து பூங்காவைப் பராமரிப்பது என்று ஓர் ஒப்பந்தம் வந்தபோது முதல் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். முதல் ஞாயிறு பதினோரு பேர் புதுக் கையுறைகளோடு வந்தார்கள். நான்காவது ஞாயிறு இரண்டு பேர். ஆறாவதிலிருந்து அவர் மட்டும்.

நகராட்சியின் பங்குக்குத் துப்புரவுப் பணியாளர் ஒருத்தி இருந்தாள். காலை ஆறு மணிக்கு அவள் நடைபாதையைப் பெருக்குவாள். இவர் பாத்திகளில் சிக்கிய காகிதங்களைப் பொறுக்கி, குழாய்க்கு வாஷர் மாற்றி, ஊஞ்சல் சங்கிலிக்கு மெஷின் எண்ணெய் விடுவார். எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் அவள் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டுப் பின்தெருவுக்கு ஓடுவாள். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கிடக்கும் கணவனை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும்.

மாதம் ஒரு படிவம் நிரப்பி நகராட்சிக்குக் கொடுக்க வேண்டும். கடைசிக் கட்டத்தில் ‘மேலும் தேவைப்படுவது’ என்று இருக்கும். பதினான்கு மாதமும் அதில், ‘எதுவும் இல்லை, நாங்களே பார்த்துக்கொள்கிறோம்’ என்று குண்டு குண்டாக எழுதினார். தான் பழுது பார்த்த மெஷின் சத்தமில்லாமல் ஓடும்போது வருகிற பெருமை அது.

ஒரு திங்கட்கிழமை அவள் வரவில்லை. நடைபாதையையும் அவரே பெருக்கினார். புதனன்று மாலை கடைவாசலில் வந்து நின்றாள். ஊரின் மறுகோடியில், சந்தைச் சாக்கடைக்கு மாற்றிவிட்டார்கள். போக இரண்டு பஸ். பகல் முழுவதும் கணவனைப் புரட்ட ஆள் இல்லை.

“பூங்காவுக்கு ஆளே வேண்டாம்னு நீங்க எழுதிக் குடுத்தீங்களாம், அண்ணே.”

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

மறுநாள் வார்டு அலுவலகத்தில் சுகாதார ஆய்வாளர் எழுந்து கைகொடுத்தார். நாற்காலி போடச் சொன்னார். உங்களை மாதிரி தெருவுக்கு ஒருவர் இருந்தால் போதும் என்றார். இருந்தால் இன்னும் எத்தனை பேரைச் சாக்கடைக்கு அனுப்புவீர்கள் என்று ரிப்பேர்காரர் கேட்டார். ஆய்வாளர் சிரித்துவிட்டு ஒரு கோப்பைப் பிரித்துத் திருப்பிக் காட்டினார். பதினான்கு தாள்கள்.

“உங்க எழுத்துதானே சார்? ஒரு புகார்கூட வந்ததில்ல. குப்பை இருந்தாத்தானே ஆள் போட முடியும்?”

நான் எழுதியது தப்பு, அடித்துவிடுகிறேன் என்றார் இவர். பதிவான தாளில் கை வைக்கக் கூடாதாம்.

வெளியே வந்தார். கோபம் யார் மேல் என்று பிரிக்க முடியவில்லை. சிரித்த ஆய்வாளர் மேலா, கையுறையோடு வந்து காணாமல் போனவர்கள் மேலா, குண்டெழுத்தில் எழுதிய தன் விரல்கள் மேலா. குப்பை இருந்தால்தானே ஆள் என்று வழி முழுக்க முணுமுணுத்தார்.

அன்றிலிருந்து பெருக்கவில்லை, ஒரு காகிதம்கூடப் பொறுக்கவில்லை.

முதல் வாரம் சருகு. இரண்டாம் வாரம் சோற்றுப் பொட்டலங்கள், நாய்கள், ஈ. கடையில் குனிந்தால் கண் தானாக எதிரே போனது. ஒரு மெஷினுக்கு ஊசியைத் திருப்பி மாட்டினார். வாழ்க்கையில் அப்படிச் செய்ததில்லை. தினமும் ஒரு புகார் எழுதினார், முன்பிருந்த பணியாளரையே அனுப்பவும் என்று. வீட்டில் மனைவி, “ஒரு நூல் கிடந்தா குதிப்பீங்க. தெருவே நாறுது, உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கீங்களே” என்றாள். காரணத்தைச் சொன்னார். அவள் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர், ஓய்வு பெற்ற வங்கி மேலாளர், மூக்கைப் பொத்திக்கொண்டு கடைக்கு வந்தார்.

“என்ன மெக்கானிக், பூங்காவைக் கைகழுவிட்டீங்க?”

“கையுறை வீட்டுல இருக்கும்ல சார்? மாட்டிக்கிட்டு வாங்க.”

“நக்கலா? என் இடுப்பு குனியுமா?”

“அப்ப ஒரு புகார் எழுதுங்க. அதை உக்காந்தே எழுதலாம்.”

செயலாளர் எழுதினார். ரிப்பேர்காரரைப் பற்றித்தான் எழுதினார். பொறுப்பில்லாதவர், ஒப்பந்தத்தை மீறியவர் என்று. அதுதான் வேலை செய்தது. இருபத்திரண்டாம் நாள் ஆய்வாளர் கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி ஒரு சுற்றுச் சுற்றினார். ஒப்பந்தம் ரத்து, பழைய பணியாளரே வருவார் என்று சொல்லிவிட்டு, ரிப்பேர்காரர் முகத்தைப் பார்க்காமல் வண்டியில் ஏறினார்.

மறுநாள் ஆறு மணிக்கு அவள் வந்தாள். பூங்கா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“இதையெல்லாம் யாரு அள்ளுறது?”

ரிப்பேர்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“எனக்காகத்தான்னு சொல்லாதீங்க. அவருக்கு முதுகுல புண்ணு வந்துருச்சு. உள்ளங்கை அகலம்.”

அவர் கூடையை எடுக்கக் குனிந்தார். அவள் பிடுங்கிக்கொண்டாள்.

“தொடாதீங்க. யாராவது பாத்தா மறுபடியும் ஆள் வேண்டாம்னு எழுதிடுவாங்க. போங்க, போய்க் கடையைத் தெறங்க.”

சாலையைக் கடந்து கடையைத் திறந்தார். அவள் எட்டு மணி வரை அள்ளிக் குவித்துவிட்டு வீட்டுக்கு ஓடினாள். நாய்கள் குவியலைக் கிளற வந்தன. அவள் திரும்பும்வரை அவர் கடைப்படியில் நின்றபடியே கல்லெறிந்து விரட்டிக்கொண்டிருந்தார். பூங்காவுக்குள் கால் வைக்கவில்லை.