பட்டான்செருவில் ஒரு கம்பெனிக் கல்யாணம்

எனக்கு எதையும் எண்ணாமல் இருக்க முடியாது. மத்திய அரசு ஆய்வகம் ஒன்றில் ஸ்டோர்ஸ் பார்த்ததன் பலன் என்று என் மனைவி சொல்வாள். வியாதி என்று மகள் சொல்வாள். எங்கள் மாடிப் போர்ஷனுக்குத் திண்டுக்கல் பக்கத்துத் தம்பதி குடிவந்த பிறகு இருமலையும் எண்ண ஆரம்பித்தேன். முதல் வருடம் அவன் காலையில் பல் தேய்க்கும்போது நாலைந்து. அடுத்த வருடம் படியேறும்போதே பதினொன்று. படிகள் மொத்தமே பதினெட்டுதான்.

அவனுக்கு வயது முப்பத்து மூன்று. தெலுங்கு ஊரான பட்டான்செருவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் ட்ரையர் ரூமில் வேலை. ஈரமாக வரும் மருந்தை உலர்த்தி, பொடியை வாரிப் பீப்பாயில் நிரப்ப வேண்டும். பீப்பாய்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறும். அங்கே அதை மாத்திரையாக்கி விற்கும் கம்பெனி முன்பெல்லாம் பொடியையும் தானே தயாரித்ததாம். இங்கே மலிவு என்று அந்த ஆலையை மூடிவிட்டார்கள். எது மலிவு என்று நான் யோசித்துப் பார்த்ததுண்டு. தூசியை உறிஞ்சி வெளியேற்றும் இயந்திரம் ட்ரையர் ரூமில் கிடையாது. இவன் மூக்கில் கட்டிக்கொண்டு போனது என் பழைய வேட்டியில் கிழித்த துணி.

பொடியை விட்டு வெளியே வராவிட்டால் எந்த மருந்தும் பயன்படாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேக்கிங் பிரிவுக்கு மாற்றச் சொல்லி மூன்று முறை கேட்டான். ட்ரையர் தெரிந்த ஆள் நீதான் என்று ஷிப்ட் இன்சார்ஜ் மறுத்துவிட்டார். வேலையை விட்டால் இலவச வைத்தியத்துக்கான இஎஸ்ஐ அட்டையும் போய்விடும். அவன் மனைவிக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

அந்தச் சமயத்தில்தான் அமெரிக்கக் கம்பெனியிலிருந்து சோதிக்க வருகிறார்கள், தொழிலாளிகளோடு நேரடியாகப் பேசுவார்கள் என்று செய்தி வந்தது. அவர்கள் சொன்னால் இன்சார்ஜ் தட்ட முடியாது. கணவனும் மனைவியும் கீழே இறங்கி என்னிடம் வந்தார்கள்.

"இங்கிலீஷ்ல ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க சார்."

"தெலுங்கில் சொன்னால் மொழிபெயர்க்க ஆள் இருக்காதா?"

"எச்ஆர் ஆளுதான் மொழிபெயர்ப்பாரு. நாங்க இருமல்னு சொன்னா அவரு சந்தோஷம்னு சொல்லுவாரு."

அவன் மனைவி சிரிக்கவில்லை. "இவர் நல்லா சொல்லிருவாரு சார். சின்னதா இருந்தா போதும்" என்றாள்.

ஆபீஸ் பழக்கத்தில் இருபத்தாறு சொற்களில் ஒரு வாக்கியம் எழுதினேன். அவன் அதைப் படிக்கும்போதே மூச்சு வாங்கியது. வெட்டி வெட்டி ஆறு சொல்லில் நிறுத்தினேன்: தி டஸ்ட் இஸ் இன் மை செஸ்ட். தூசி என் நெஞ்சுக்குள் இருக்கிறது. "பாட்டு மாதிரி இருக்கு சார்" என்றான். நான்கு நாள் மாடியிலிருந்து அதுவே கேட்டுக்கொண்டிருந்தது.

ஐந்தாம் நாள் செவ்வாய்க்கிழமை. பேத்தியின் நிச்சயதார்த்தத்துக்கு ஹால் பார்த்து வரச் சொல்லி மனைவி என்னை ஷேர் ஆட்டோவில் அனுப்பினாள். நாற்காலிகளை எண்ணிவிட்டு வரவேண்டும் என்பது உத்தரவு. நெடுஞ்சாலையோரம் இருந்த அந்த ஃபங்ஷன் ஹாலின் வாசலில் தொழிற்சாலை பஸ் நின்றது. உள்ளே போனேன். மேடை அலங்காரமில்லாமல் கிடந்தது. பட்டப்பகலில் எழுபது எண்பது ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து பிரியாணி தின்றுகொண்டிருந்தார்கள். நடுவில் எங்கள் மாடிவீட்டுக்காரன்.

"வாங்க சார், உக்காருங்க. கம்பெனிக் கல்யாணம்" என்றான்.

"பெண் எங்கே?"

"அமெரிக்காலேருந்து வந்து ஃபேக்டரியில இருக்கு. நாங்க பெண்ணோட கண்ணுல படக்கூடாதாம்."

பக்கத்து இலைக்காரர்கள் சிரித்தார்கள். சோதனை நாள் என்பதால் இருமுகிறவர்கள், கையில் தோல் உரிந்தவர்கள் எல்லாரையும் காலையில் கேட்டிலேயே பிரித்து பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். இவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டைத் தாண்டியிருக்கிறான். வருகைப் பதிவு இயந்திரத்தில் விரலை வைக்கும்போது இருமல் வந்துவிட்டது.

"இன்னும் நாலு அடி சார். போயிருப்பேன்."

சாப்பாடு முடிந்ததும் யாரோ ஒருவன் மைக்கைப் போட்டுவிட்டான். "அரே பாய், நீ இங்கிலீஷ்ல படிச்சிட்டு வந்தியே ஒரு வரி, சொல்லுடா! கல்யாணத்துல யாராவது பேசணும்ல?" என்று இவனைத் தள்ளினார்கள். "நக்கோ, நக்கோ" என்று மறுத்தவனை மேடையேற்றிவிட்டார்கள். அவன் மைக்கைப் பிடித்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு, எதிரே வெள்ளைக்காரர்கள் இருப்பதுபோல நிமிர்ந்து நின்று சொன்னான்.

"தி டஸ்ட் இஸ் இன் மை செஸ்ட்."

ஒரு பிழையில்லை. ஹால் முழுக்கக் கைதட்டல். காவலுக்கு வந்திருந்த ஷிப்ட் இன்சார்ஜும் "பாகுந்தி, பாகுந்தி" என்று தெலுங்கில் பாராட்டித் தட்டினார். சிரித்ததில் ஒருவனுக்கு இருமல் கிளம்பியது. அடுத்த வரிசையில் இன்னொருவனுக்கு. பிறகு எல்லாப் பக்கமும். பழக்கதோஷத்தில் எண்ணத் தொடங்கினேன். எது யாருடையது என்று பிரிக்க முடியாமல் விட்டுவிட்டேன்.

"நாற்காலி எத்தனை?" என்றாள் மனைவி, நான் செருப்பைக் கழற்றும்போதே.

"எண்ணவில்லை."

என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

சாயங்காலம் அவன் படியேறும் சத்தம் கேட்டது. மேலே கதவு திறந்தது.

"சொன்னீங்களா?" என்றாள் அவன் மனைவி.

"சொன்னேன். மைக்குலயே சொன்னேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

இருமி முடிக்கக் கொஞ்ச நேரமாயிற்று அவனுக்கு.

"கை தட்டுனாங்க" என்றான்.

சோதனை நல்லபடியாக முடிந்ததாம். ஆர்டர் கூடியது. இரண்டாவது ட்ரையர் வந்து இறங்கியது. அதையும் இவன்தான் பார்க்கிறான். இப்போது ஒரே மூச்சில் மாடி ஏற முடிவதில்லை. ஒன்பதாவது படியில், திரும்புகிற இடத்தில், அவன் மனைவி ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டிருக்கிறாள். வருகிறவர்கள் தடுக்கி விழுவார்கள், எடுத்துவிடு என்று அவளிடம் சொல்ல ஒவ்வொரு நாளும் படிவரை போய்த் திரும்பிவிடுகிறேன்.