வெள்ளச்சிக்கு வைத்த பொங்கல்

குமராட்சிப் பக்கம் அந்த ஊரில் குதிரை வைத்திருந்த வீடு ஒன்றே ஒன்றுதான், அதுவும் காலனியில். அந்த வீட்டு மருமகள் எழிலரசி சிதம்பரத்தில் வரலாறு எம்.ஏ. முடித்து, எம்.ஃபில். சேர்ந்திருந்தாள். ஆய்வுக்கு எதை எடுப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவளுக்குக் கொல்லையில் கட்டிக் கிடந்ததே தலைப்பாகிவிட்டது. குதிரை எங்கே பிறந்தது, ஆசியாவுக்கு எப்படி வந்தது, தமிழ்நாட்டில் எந்த வழியாகக் காலை வைத்தது என்று எழுத உட்கார்ந்தாள். கூடப் படித்தவர்கள் கோயில், கல்வெட்டு என்று போக, இவள் மட்டும் குதிரை வாலைப் பிடித்துக்கொண்டு அலைகிறாள் என்று கேலி பேசினார்கள்.

கேலி பேசியவர்களுக்கு அதன் கதை தெரியாது. பல கோடி வருஷத்துக்கு முன் அமெரிக்கக் காட்டில் நரி அளவே இருந்த ஒரு பிராணி தழை தின்றுகொண்டு கிடந்தது. காடு குறைந்து புல்வெளி விரிய விரிய, அது உயரமாகி, விரல்கள் குறைந்து, கடைசியில் ஒற்றைக் குளம்பில் நின்றது. கடல் இறங்கி நிலம் தெரிந்த காலத்தில் ஆசியாவுக்குள் நடந்து வந்தது. பிறந்த மண்ணில் பிற்பாடு ஒன்றுகூட மிஞ்சவில்லை. எத்தனையோ ஆயிரம் வருஷம் கழித்து ஐரோப்பியர் கப்பலில் ஏற்றிப் போய்த்தான் அங்கே திரும்ப இறக்கினார்கள். ஆசியாவின் புல்வெளியில் வாழ்ந்ததை மனிதன் பழக்கினான், முதுகில் ஏறினான், சண்டைக்குப் போனான்.

தெற்கே நம் பக்கம் வந்ததில் பெரும்பாலானவை கப்பலில் வந்தவை. அரபு நாட்டிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் வருஷா வருஷம் வந்து இறங்கின, வருஷா வருஷம் செத்தன. இந்த ஊர் ஈரக்காற்று ஆகவில்லை என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் குதிரை வயிற்றுக்கு ஆகாத தீனி: சோறு வேகவைத்துப் போட்டார்கள், பாலும் நெய்யும் ஊட்டினார்கள் என்று அக்காலத்துப் பயணிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த அத்தியாயத்தை, ‘இச்சாவுகளுக்குக் காரணம் இம்மண்ணின் மக்களது அறியாமையே’ என்று எழிலரசி கெட்டியாக முடித்திருந்தாள். படித்துக் காட்டியபோது, குதிரைக்கு யாராவது நெய்யூட்டுவார்களா என்று அவள் புருஷன் அன்பரசு விழுந்து விழுந்து சிரித்தான்.

அன்பரசு கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவன். கடலூரில் ஒரு சாரட்டு வண்டிக்காரரிடம் வேலை பார்த்துவிட்டு, அவர் கழித்துக்கட்டிய வெள்ளைப் பெட்டையை ஓட்டி வந்துவிட்டான். வெள்ளச்சி என்று பெயர் வைத்தான். எழிலரசி காலேஜுக்குப் போனதும் வீட்டில் உலை கொதித்ததும் வெள்ளச்சியால்தான். புல், தவிடு, ஊறவைத்த கொள்ளு தவிர எதையும் அதன் வாயருகே கொண்டுபோக விடமாட்டான்.

எழிலரசிக்கு வயிறெரிகிற விஷயம் ஒன்று இருந்தது. வெள்ளச்சிமேல் உட்கார்ந்து ஊர்த்தெரு வழியாகப் போகக்கூடாது என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பார்த்த பார்வையே போதுமானதாக இருந்தது. தெருமுனை வந்ததும் அன்பரசு இறங்கி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடப்பான். அவள் கோபப்பட்டால், நடந்தால் கால் தேய்ந்தா போய்விடும் என்பான். கால் தேயாதுதான், வேறு ஏதோ தேய்கிறதே என்று அவளுக்கு இருக்கும்.

அந்தத் தெரு மாரியம்மாள்தான் முதலில் இளகியவள். மகன் கல்யாணத்துக்கு வேறெங்கும் போகாமல் வெள்ளச்சியைக் கேட்டாள். மாப்பிள்ளை அதன்மேல் வந்த அழகைத் தெருவே நின்று பார்த்தது. 2009 மாட்டுப் பொங்கலன்று அவள் ஆள் விட்டாள். எங்கள் மாட்டுக்கு இலை போடுகிற மாதிரி உங்கள் குதிரைக்கும் போடப்போகிறோம், அன்பரசை ஏறி உட்கார்ந்தே ஓட்டி வரச்சொல் என்று.

அன்பரசுக்குக் கால் தரையில் பாவவில்லை. வெள்ளச்சியைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, மாலை போட்டான்.  ஒரு வாய்க்குமேல் வேண்டாம் என்று எழிலரசி அவன் காதில் போட்டாள். அவனும் தலையாட்டினான்.

ஒரு வாயோடு நிற்கவில்லை. மாரியம்மாள் வாசலில் இலை விரித்து, நெய் மிதக்கும் சர்க்கரைப் பொங்கலை உருட்டித் தன் கையாலேயே ஊட்டினாள். அதைப் பார்த்து அடுத்த வீட்டிலும் இலை விழுந்தது. அதற்கடுத்த வீட்டில் வெண்பொங்கலும் வாழைப்பழமும். இதுவரை அந்தத் தெருவில் குடிக்கத் தண்ணீர்கூடக் கிடைத்திராத இவர்கள், ஒரு வீட்டில் வாங்கிவிட்டு இன்னொரு வீட்டில் வேண்டாம் என்றால் என்ன அர்த்தம் ஆகும்? அன்பரசு குதிரைமேல் உட்கார்ந்தபடி, பக்கத்தில் நடந்து வந்த எழிலரசியைப் பார்த்தான். முகம் பூரிப்பில் இருந்தது, கண் மட்டும் நீ சொல்லேன் என்று கெஞ்சியது. தான் எழுதிய அத்தியாயம் வரிக்கு வரி அவளுக்கு மனப்பாடம். மாரியம்மாள் சிரித்துக்கொண்டே அடுத்த உருண்டையை எடுத்தாள். எழிலரசி வாயைத் திறக்கவில்லை.

மதியத்துக்குள் வெள்ளச்சி தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தது. பிறகு விழுந்து புரண்டது. பண்டிகை என்று மாட்டு டாக்டர் ஊருக்குப் போயிருந்தார். படுக்கவிட்டால் போச்சு என்று கொள்ளிடக் கரையில் இருவரும் மாறி மாறி அதை நடத்தினார்கள். சிதம்பரத்திலிருந்து வேறொரு டாக்டரைத் தேடிப் பிடித்துக் கூட்டி வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. குதிரைக்கு வாந்தி எடுக்க வராது, உள்ளே போனது போனதுதான் என்று சொல்லிவிட்டு ஊசி போட்டார். மாலையும் பொட்டுமாகவே வெள்ளச்சி செத்தது. அன்பரசு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். எழிலரசியை அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்திருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

மறுநாள் காலையில் மாரியம்மாள் காலனிக்கு வந்தாள். அவள் அங்கே காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. அழுது முகம் வீங்கியிருந்தது.

“எங்கையாலதான ஊட்டுனேன் எழிலு. அதுனால எதுனா ஆயிருக்குமா?”

ஆமாம் என்று சொல்லத்தான் எழிலரசி வாயெடுத்தாள். சொன்னால் இந்தப் பொம்பளை இனி இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பாளா, அந்தத் தெருவில் இனி ஒரு இலை விழுமா என்று நினைத்தாள். அன்பரசு தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தான்.

“அதெல்லாம் இல்லக்கா. அதுக்கு வயசாயிடுச்சி.”

மாரியம்மாள் நம்பினாள். நம்ப வேண்டும் என்றுதானே வந்திருந்தாள்.

அந்த வருஷமே வாய்மொழித் தேர்வு வந்தது. அன்பரசு சேத்தியாத்தோப்பில் நெல் மூட்டை தூக்கப் போய்க்கொண்டிருந்தான். எழிலரசி ஆய்வின் ஒரு இடத்தில் மட்டும் கை வைத்திருந்தாள். அறியாமை என்ற சொல்லை அடித்துவிட்டு, ‘தெரிந்தவர்களும் இருந்திருப்பர், தடுக்க இயலாத இடத்தில் இருந்திருப்பர்’ என்று எழுதியிருந்தாள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் சரியாக அந்த வரியில் விரலை வைத்தார். தெரிந்தவர்கள் ஏன் தடுக்கவில்லை என்று கேட்டார்.

“அன்பா நீட்டுறப்ப வேணாம்னு சொல்ல முடியல சார்,” என்றாள்.  அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிதானமாகப் பார்த்தார். நல்ல மனுஷன்தான். எந்தக் கல்வெட்டில் இருக்கிறது, எந்தப் பயணி சொன்னது, இதற்கு என்ன ஆதாரம் என்று பதமாகவே கேட்டார்.

மாரியம்மாள் முகம் அவள் கண்முன் வந்து நின்றது. ஆதாரம் இல்லை சார் என்றாள். அப்படியானால் பழையபடி அறியாமை என்றே போட்டுவிடுங்கள் என்றார். எழிலரசி அப்படியே போட்டாள், பட்டமும் வந்தது. தெரிந்தும் அவள் சொல்லாமல் விட்டது அதோடு மூன்று தடவை.