மறுவீட்டு விருந்தும் கன்னத்துச் செல்லும்

பாளையங்கோட்டைக் கல்லூரியில் படித்த காலத்தில், செல் படம் வரைவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்பது என் நினைப்பு. தாவரச் செல்லுக்குக் கெட்டியான சுவர் உண்டு. நடுவில் பெரிய நீர்ப்பை. அது நெருக்குவதால் உட்கரு ஓரமாக ஒதுங்கிக் கிடக்கும். இலையாக இருந்தால் பச்சை மணிகளும் தெரியும். விலங்குச் செல்லுக்குச் சுவரும் இல்லை, பச்சையும் இல்லை. மெல்லிய சவ்வு, உள்ளே உட்கரு, அவ்வளவுதான். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

செய்முறைத் தேர்வன்றுதான் டவுனில் மாமனார் வீட்டு மறுவீட்டு விருந்து. "தோத்தா நம்ம ஊரு ஆழ்வார்குறிச்சிக்கு வந்து வயலைப் பாரு" என்று அப்பா கறாராகச் சொல்லியிருந்தார். எனக்கோ சேறு என்றாலே ஆகாது. இருந்தும் புது மாப்பிள்ளை மிடுக்கில் வயிறு முட்டச் சாப்பிட்டு, மாமனார் மடித்துக் கொடுத்த வெற்றிலையையும் மென்றுகொண்டே வண்டி ஏறினேன். கல்லூரி வாசலில்தான் துப்பினேன்.

அவரவர் கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் தடவி, நுண்ணோக்கியில் கண்டதை வரைய வேண்டும். பார்த்தேன். கட்டம் கட்டமாகச் சுவர்! உள்ளே பச்சை மணிகள்! எனக்குப் புல்லரித்தது. தலைமுறை தலைமுறையாகச் சைவம், சும்மா போகுமா? பக்கத்தில் புன்னக்காயல் நண்பன், மீன்பிடிக்கும் கிறிஸ்தவக் குடும்பம். அவன் தகட்டில் சுவரே இல்லை.

"நீ மீன் திங்கேல்லா லே, அதான்" என்றேன் அவன் காதோடு.

"ஏலே, கிறுக்கு புடிச்சிட்டா?" என்று சிரித்தான்.

பெருமையாகச் சுவர் வைத்தே வரைந்து கொடுத்தேன். தேர்வாளர் படத்தைப் பார்த்தார். நுண்ணோக்கியில் பார்த்தார். பிறகு என் சிவந்த உதட்டைப் பார்த்தார்.

"வெத்திலையை வரைஞ்சு வச்சிருக்கீரு வே. வாயைக் கொப்பளிச்சிட்டு வந்து மறுபடி சுரண்டும்."

வெட்கத்தில் காது சுட்டது. கொப்பளித்துவிட்டுச் சுரண்டினேன். சுவரும் இல்லை, பச்சையும் இல்லை. அவர் என் தகட்டையும் நண்பன் தகட்டையும் எடுத்து, முதுகைத் திருப்பிக்கொண்டு இடம் மாற்றி வைத்தார்.

"இதுல உம்ம தகடு எது? சரியாச் சொன்னா தேறிட்டீரு."

மாறி மாறிப் பார்த்தேன். குத்துமதிப்பாக ஒன்றைக் காட்டிவிடலாமா என்று விரல் துடித்தது. அதற்கும் மனசு வரவில்லை.

"தெரியல ஐயா. ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு."

"அது சரியான பதில்தான் வே" என்று சொல்லி மதிப்பெண் போட்டார்.