வேலியைத் தாண்டிய வயர்

சனிக்கிழமை காலை ஒன்பது மணி இருபது நிமிடத்துக்கு எங்கள் வீட்டில் எல்லாம் பிழையாகப் போகத் தொடங்கின. நேரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அப்போது நான் கதிரையில் ஏறி நின்று, சுவர் மணிக்கூட்டுக்குப் புதுப் பற்றறி போட்டு, போனைப் பார்த்து முள்ளைத் திருப்பிக்கொண்டிருந்தேன். பெரிய முள்ளை நாலில் நிறுத்தியபோது வாசல் படலையடியில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. மீற்றர் பார்க்கிற தம்பி.

மாதாமாதம் வருபவர்தான். மீற்றரைப் பார்ப்பார், எழுதுவார், தாளைக் கிழித்துத் தருவார், போய்விடுவார். அன்றைக்கு மீற்றரைப் பார்த்தார். தன் புத்தகத்தைப் பார்த்தார். திரும்பவும் மீற்றரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு வைத்தியர் என்னை அப்படிப் பார்த்திருந்தால் அந்த இடத்திலேயே விழுந்திருப்பேன்.

“ஐயா, வீட்டுக்குப் பின்னால நெல்லுக் குத்துற மில் ஏதும் போட்டிருக்கிறியளோ?”

“ஏன் தம்பி?”

தாளை நீட்டினார். அதில் இருந்த தொகையை நான் இங்கே எழுதப்போவதில்லை. பிரதேச செயலகத்தில் நான் எழுதுவினைஞர். என் சம்பளத்துக்கு முன்னால் அந்தத் தொகை கொஞ்சமும் மரியாதையில்லாமல் நின்றது என்று மட்டும் சொல்கிறேன்.

“மீற்றர் பிழையாயிருக்குமோ?”

“மீற்றர் பிழை எண்டு எல்லா வீட்டிலயும்தான் சொல்லுகினம். எழுதிக் குடுங்கோ, ஆக்கள் வந்து பாப்பினம். எப்ப எண்டு மட்டும் கேக்காதேங்கோ.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “வெளியில ஆருக்கும் லைன் குடுத்திருக்கிறியளோ?”

“சீச்சீ!” என்றேன்.

அவருடைய தலைக்கு மேலால், கிளுவை வேலியைத் தாண்டி, சிவப்பு வயர் ஒன்று பக்கத்து வளவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தாரா என்று எனக்கு நிச்சயமில்லை. “வேலி நல்லாத் தழைச்சிருக்கு ஐயா,” என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

பக்கத்து வளவில் இருப்பவர்கள் முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். கணவன் கடலுக்குப் போகிறவர். கிழமையில் பாதி நாள் கரையில் மீனவர் குடிசை போட்ட வாடியிலேயே தங்கிவிடுவார். மனைவியும் ஒரே மகளும் முள்ளியவளையில், எங்களுக்கு அடுத்த காணியில், பாதி கட்டிய வீட்டில் இருந்தார்கள். மின்சாரத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு மாதக் கணக்காகக் காத்திருந்தார்கள். மகள் சாதாரணதரப் பரீட்சை எடுக்கிறாள். பரீட்சைக்கு இன்னும் ஒன்பது நாள். குப்பி விளக்கில் படிக்கிற பிள்ளையைப் பார்க்கப் பொறுக்காமல் நான்தான், யாரும் கேட்காமலே, வயர் இழுத்து ஒரு பல்ப் கொடுத்தேன். பிளக் எங்கள் பின்விறாந்தையில். பல்ப் அந்தப் பிள்ளையின் மேசைக்கு மேலே. கொடுத்த அன்றைக்கு என்னைப் பற்றி எனக்கு மிகவும் நல்ல அபிப்பிராயம் இருந்தது.

பில்லை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனேன். மனைவி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். தாளை வாங்காமல் தலையைச் சரித்துப் பார்த்தாள்.

“இதென்ன, போன் நம்பரோ?”

“பகிடி விடாதேயும். பக்கத்து வீட்டில ஏதோ பெரிசாக் கொழுவியிருக்கினம். பிறிட்ஜாத்தான் இருக்கும்.”

“அவாவின்ர வீட்டில கூரையே அரைவாசிதான் கிடக்குது. அதுக்குள்ள பிறிட்ஜ் வாங்கி வச்சிருக்கிறாவாமோ?”

“முந்தநாள் மீன் தரேக்கை பாத்தனீரே? மேல ஐஸ் படிஞ்சு கிடந்தது.”

“அந்தப் பாரை மீனை ரெண்டு நேரமும் தின்னேக்கை உந்த ஐஸ் கண்ணில படேல்லையாக்கும்.”

மகள் அறைக்குள்ளிருந்து வந்தாள். உயர்தரத்தில் கணிதம் படிக்கிறவள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவளும் அவள்தான். தாளை வாங்கிப் பார்த்தாள்.

“அப்பா, அது ஒன்பது வாற் பல்ப். மாசம் முழுக்க எரிஞ்சாலும் நீங்கள் சேட்டு அயன் பண்ணுற கரண்டுக்குக் கிட்டவும் வராது.”

“நாங்கள் குடுத்தது பல்ப். அவை அதில என்ன கொழுவியிருக்கினம் எண்டு உனக்குத் தெரியுமோ?”

“சோதினைக்கு ஒன்பது நாள் கிடக்குது. லைனைக் கழட்டுற யோசினை எண்டா நான் உங்களோட கதைக்கமாட்டன்.”

யோசனை அதுதான். ஆனால் ஆதாரம் வேண்டுமே. மனைவி உலை வைக்கப் போன சமயம் பார்த்து, வாளி ஒன்றைக் கவிழ்த்து வேலியோரமாக வைத்து ஏறினேன். ஐம்பது வயதை எட்டிப்பிடிக்கிற, அரசாங்க உத்தியோகம் பார்க்கிற மனிதன் ஒருவன், கணவன் கடலில் இருக்கிற வீட்டுக்குள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பது எப்படியிருக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. எனக்கு யூனிற் மட்டும்தான் தெரிந்தது.

வீட்டோடு சாய்ப்பாகப் பத்தி இறக்கிய குசினிக்குள் பெரிய வெள்ளைப் பெட்டி ஒன்று இருந்தது! மேலே சாக்குப் போட்டு மூடியிருந்தது. பிடித்துவிட்டேன் என்ற சந்தோசத்தில் இன்னும் கொஞ்சம் எக்கினேன். வாளி சரிந்தது. நான் கிளுவையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன்.

“ஆரது வேலியில?” என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரி மீன் வெட்டிய கத்தியோடு எழுந்து வந்தா.

“நான்தான் தங்கச்சி. வேலி பாக்கிறன்.”

“என்னண்ணை வேலிக்கு?”

“நல்லாத் தழைச்சிருக்கு,” என்றேன். அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான்.

அவா சிரித்துவிட்டுக் குசினிக்குள் போனா. வெள்ளைப் பெட்டியின் மூடியைத் தூக்கி அப்படியே பக்கத்தில் சாத்தி வைத்தா. உள்ளேயிருந்து இரண்டு கையாலும் உடைத்த ஐஸை அள்ளி மீனுக்கு மேல் போட்டா. மூடியில் பிணைச்சல் இல்லை. பெட்டியில் வயர் இல்லை. வாடியிலிருந்து மீன் கொண்டுவருகிற, ஐஸ் உருகாத றெஜிபோம் பெட்டி.

நான் திரும்பியபோது மனைவி அகப்பையோடு பின்னால் நின்றாள்.

“இஞ்சாருங்கோ, எட்டிப் பாத்தது முடிஞ்சுதெண்டா இறங்கி வாங்கோ. இன்னும் கொஞ்சம் நிண்டா அடுத்த காணிக்காரரும் வந்து பாப்பினம், பிறகு எங்களுக்கு மின்சாரக்காரர் தேவையில்லை, விசாரிக்க ஊர் விதானையார்தான் தேவைப்படுவார்.”

பெட்டி பொய்த்துப் போனதற்காகச் சந்தேகம் பொய்த்துப் போய்விடுமா? ஒரு தடவை பயந்தவனுக்கு யாராவது ஒருவர் குற்றவாளியாக இருந்தாக வேண்டும். அது வீட்டுக்கு வெளியில் இருந்தால் இன்னும் நல்லது. மத்தியானம் முழுக்க யோசித்து, பின்னேரம் ஆறு மணிக்கு ஒரு முடிவுக்கு வந்தேன். பக்கத்து வீட்டு பிளக்கைக் கழற்றிவிட்டு மீற்றரைப் பார்ப்பது. மீற்றரில் ஒரு சிவப்புப் பொட்டு இருக்கிறது. கரண்ட் கூடுதலாகப் போனால் கெதியாக வெட்டி மின்னும், குறைந்தால் ஆறுதலாக, மெல்ல மின்னும்.

“அவள் இப்பத்தான் படிக்க இருப்பாள்,” என்றாள் மகள்.

“அஞ்சு நிமிசம்.”

“அஞ்சு நிமிசம்தான்.” அவள் போய் மீற்றரடியில் நின்றாள். முகத்தை மட்டும் எனக்குக் காட்டவில்லை.

பிளக்கை இழுத்தேன். வேலிக்கு அப்பால் சாளரத்தில் தெரிந்த மஞ்சள் சதுரம் இல்லாமல் போனது. யாரும் கத்தவில்லை, யாரும் கேட்கவில்லை. அதுதான் என்னை ஒருமாதிரி ஆக்கியது.

“எப்பிடி?” என்று கத்தினேன்.

“அதே வேகம்தான்.”

எனக்கு வெட்கம் வரவேண்டிய இடம் அது. வந்தது பயம். அவர்கள் இல்லையென்றால் யார்? ரீவியைக் கழற்றினேன். பிறிட்ஜைக் கழற்றினேன். சீலிங் பான், லைட், மகளின் போன் சார்ஜர், சுவாமிப் படத்துக்கு முன்னாலிருந்த சின்னச் சிவப்பு லைட், ஒன்றும் விடவில்லை. வீடு முழுக்க மம்மல் இருட்டாகக் கிடந்தது. மனைவி குசினிக்குள் இருந்து, “என்னையும் கழட்டி வச்சுப் பாருங்கோவன்,” என்றாள்.

“பிள்ளை, இப்ப?”

“அப்பா, இது பேய் பிடிச்ச மாதிரி வெட்டுது.”

வயரிங் சுவருக்குள் உருகி, மண்ணுக்குள் கரண்ட் இறங்குகிறதாக்கும். இவ்வளவு நாளும் பிள்ளை அதற்கு மேலால் வெறுங்காலோடு நடந்து திரிந்திருக்கிறாள். “செருப்புப் போட்டிருக்கிறியோ? சுவரில முட்டாத! அப்பிடியே நில்!” என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

அவள் நிற்கவில்லை. என்னைக் கடந்து பின்கதவுக்குப் போனாள். கதவுக்குப் பின்னால், மழைக்கோட் கொழுவியிருக்கிற ஆணிக்குக் கீழே, தண்ணீர் மோட்டரின் சுவிச். மழைக்கோட்டைத் தூக்கினாள்.

“அப்பா. ஆர் இதைப் போட்டது?”

சுவிச் போட்டபடி இருந்தது.

போட்டது நான். நாலு மணி போல். காலையில் எழும்பியவுடனும் போட்டிருந்தேன். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில், பவுசர் லொறியில் வருகிற தண்ணீருக்காக, கைக்குழந்தையாக இருந்த இந்த மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, மற்றக் கையில் பிளாஸ்ரிக் கானோடு வரிசையில் நின்றிருக்கிறேன். என் முறை வரும்போது பவுசர் முடிந்துபோன நாட்கள் உண்டு. அதற்குப் பிறகு, தண்ணீர்த் தாங்கி முட்ட நிரம்பியிருக்காத வீட்டில் எனக்கு இருப்புக்கொள்ளாது. பின்கதவால் போனால் கை தன்பாட்டில் சுவிச்சுக்குப் போகும்.

“நான் மட்டும்தான் போடுறனானோ?” என்று மனைவியைப் பார்த்தேன்.

அவள் அகப்பையைப் பார்த்தாள். “நான் மத்தியானத்தில ஒருக்காப் போடுறனான்தான். தண்ணி முடிஞ்சிடுமெண்டு.”

“நானும் ரியூசனால வந்து போடுறனான்,” என்றாள் மகள். வரிசை அவளுக்கு ஞாபகமில்லை. ஆனாலும் போடுகிறாள்.

“போடுறம், சரி. நிப்பாட்டுறது ஆர்?” என்றேன்.

அதுதான் கேள்வி. முன்பு தாங்கி நிரம்பினால், வழிகிற தண்ணீர் குசினித் தகரத்தில் தடதடவென்று விழும். யாராவது ஓடிப்போய் நிறுத்துவார்கள். அந்தச் சத்தம் படிக்கிற பிள்ளைக்கு இடைஞ்சல் என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மினக்கெட்டு, நான்தான் நீளக் குழாய் ஒன்று பூட்டி, வழிகிற தண்ணீரை வேலியடிக்குக் கொண்டுபோய் விட்டேன். மோட்டரோ குழாய்க்கிணற்றுக்குள் ஆழத்தில் கிடக்கிறது. அதன் மூச்சே கேட்காது. அன்றிலிருந்து எங்கள் வீடு மிகவும் அமைதியாக இருந்தது.

மகள் டோர்ச்சோடு ஏணியில் ஏறித் தாங்கியைப் பார்த்தாள். கழுத்துவரைக்கும் தண்ணீர். சுவிச்சை அணைத்தோம். மீற்றரின் சிவப்புப் பொட்டு நின்றே போனது. அவள் கொப்பித் தாளைக் கிழித்து, “அப்பா தொடக்கூடாது” என்று எழுதிச் சுவிச்சில் ஒட்டினாள்.

“நான் மட்டுமோ?”

“நீங்கள்தான் வேலி பாக்கப் போனது.”

நாங்கள் மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் ஒரு காரியம் மறந்துபோனது. ரீவியைத் திரும்பக் கொழுவினோம், பிறிட்ஜைக் கொழுவினோம், சுவாமி லைட்டைக் கொழுவினோம்.

ஞாயிறு காலை விறாந்தையில் தேநீரோடு இருந்தபோதுதான் அதைக் கண்டேன். பக்கத்து வீட்டு பிளக் நிலத்தில் கிடந்தது. அஞ்சு நிமிசம் என்று சொன்னது ஓர் இரவாகிவிட்டது. பரீட்சைக்கு எட்டே நாள் கிடக்கையில் ஒரு நாள் படிப்பை, நான் மீற்றர் பார்க்கப்போய் இருட்டடித்துவிட்டேன். குனிந்து எடுக்கப் போன அந்த நேரம் பார்த்துப் படலை திறந்தது.

அவாதான். பூசை முடிந்த கையோடு, சேலையும் செபப் புத்தகமுமாக, மற்றக் கையில் நிறைந்த பை ஒன்றோடு நேராக வந்தா. முகத்தில் சிரிப்பில்லை. நான் பிளக்கின் மேல் காலை வைத்து மறைத்துக்கொண்டு எழுந்து நின்றேன். உள்ளேயிருந்து மகள் வந்தாள். என் காலைப் பார்த்தாள். அவளுடைய முகம் போன போக்கைப் பார்த்தபோது, அன்றோடு அவள் என்னோடு கதைப்பது முடிந்தது என்றே நினைத்தேன்.

“இரும் தங்கச்சி,” என்றேன். “ராத்திரி லைட்…”

“கரண்ட் போயிட்டுதாக்கும் அண்ணை. இஞ்ச புதினமோ? பிள்ளை போன் வெளிச்சத்தில கொஞ்சம் பாத்திட்டு நேரத்துக்குப் படுத்திட்டாள். பாவம், ஒருநாளாவது நித்திரை கொள்ளட்டும்.” அவா கதிரையில் இருக்கவில்லை. பையை மேசையில் வைத்தா. பயிற்றங்காயும் கத்தரிக்காயும் கட்டுக்கட்டாகக் கீரையும். “நான் வேற ஒண்டு கேக்க வந்தனான். எப்பிடிக் கேக்கிறதெண்டு பூசையிலயும் அதே யோசினைதான்.”

“கேளும்.”

“ஒரு மாசமா இந்த வெயிலுக்கை என்ர தோட்டத்துக்கு வேலியடியால தண்ணி விடுறியள். நான் கேக்கவுமில்லை, நீங்கள் சொல்லிக் காட்டவுமில்லை. நானும் ஒரு நாள் வந்து நன்றி எண்டு ஒரு வார்த்தை சொல்லேல்லை. நேத்து வேலிக்கு மேலால வந்து பாத்தியள், வேலியைத் தவிர வேற ஒண்டும் கதையாமப் போயிட்டியள். இண்டைக்கு விடியத் துவக்கம் தண்ணி வரேல்லை. எங்களில ஏதும் கோவமோ அண்ணை?”