வழியில் செத்துப்போனவள்

அப்பாவின் ஊரான இலஞ்சியில், பர்மாக்காரியான அம்மா கிணற்றில் தண்ணீர் இறைத்தால், அடுத்து வருபவர் கயிற்றைக் கழுவிவிட்டுத்தான் தொடுவார். ரங்கூனில் எங்கள் தெருக்குழாயில் தெலுங்கர், முஸ்லிம், பர்மியர், நாங்கள் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்போம். வீட்டுப் பலகையில் அப்பாவின் முருகன் படமும் அம்மாவின் புத்தர் சிலையும் அடுத்தடுத்து இருந்தன. இங்கே புத்தர் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை.

ரங்கூனில் ஜப்பான் குண்டு விழத் தொடங்கியதும், கடையைப் பூட்டிவிட்டுப் பின்னால் வருவதாகச் சொல்லி, அப்பா எங்களை அகதிக் கூட்டத்தோடு அனுப்பினார். பாதி வழி நடந்தே வந்தோம். எத்தனை பேரைப் பாதையிலேயே விட்டுவிட்டு வந்தோம் என்பது எங்களோடு நடந்தவர்களுக்குத் தெரியும். பெரியப்பா வீட்டில் இடம் கிடைத்தது. அப்பாவிடமிருந்து கடிதம் இல்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பாவின் சாயல் என்பதால் என்னைச் சேர்த்துக்கொள்வது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. ஆனி மாதம் பெரியப்பா மகளைப் பெண் பார்க்கச் செங்கோட்டையிலிருந்து வந்தார்கள். அன்று காலை பெரியம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டே மெல்லச் சொன்னாள்.

“ஏட்டி, உங்க அம்மயப் பத்தி யாரும் கேட்டா, வழியில செத்துப்போயிட்டான்னு சொல்லணும்.”

“அப்ப அங்கன நிக்கது யாரு?”

“வேலைக்காரி. மாத்திச் சொன்னியோ, அக்கா கல்யாணம் நின்னுபோகும்.” பின்னலை இறுக்கி இழுத்தாள்.

மாப்பிள்ளையின் தாயார் என்னை மடியில் இருத்திக்கொண்டார். “உங்க அம்ம எங்கட்டி?”

“வழியில செத்துப்போச்சு.”

“ஐயோ, பாவம்,” என்று என் கன்னத்தைத் தடவினார்.

முற்றத்தில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. அம்மாவுக்குத் தமிழ் அதிகம் தெரியாது. ஆனால் ‘செத்துப்போச்சு’ என்ற சொல்லைப் பாதை நெடுகத் தினமும் கேட்டிருந்தாள். சற்றுப் பொறுத்து, மறுபடி தேய்க்கத் தொடங்கினாள்.

நிச்சயமானதும் இரு வீட்டாரும் குற்றாலம் போனோம். சாரலில் மலையே தெரியவில்லை. அருவியின் இரைச்சல் மட்டும். மாற்றுத்துணி மூட்டையோடு அம்மா பாறையோரம் நின்றாள். குளித்து நடுங்கியபடி வந்த நான், என்னை அறியாமல், அம்மாவைப் பார்த்து, பர்மிய மொழியில் “அமே” என்று கூப்பிட்டுவிட்டேன்.

மாப்பிள்ளையின் தாயார் திரும்பினார். “என்ன சொல்லுதா இவ?”

பெரியம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அதற்குள் அம்மா முன்னால் வந்து துண்டை நீட்டினாள்.

“பாப்பா, தலை துவட்டு,” என்றாள், தமிழில்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. யுத்தம் முடிந்தும் அப்பா வரவில்லை. ஏழு வருடமாக அம்மா இந்த வீட்டில்தான் இருக்கிறாள். நாங்கள் தனியாக இருக்கும்போதும் என்னைப் பாப்பா என்றே கூப்பிடுகிறாள். நான் அவளுடைய மொழியில் கேட்கிறேன். அவள் இந்த ஊர் மொழியில் பதில் சொல்கிறாள்.