சேவுகம்பட்டி கமலவேணி கேட்காத கேள்வி

அந்தக் கேள்வியை அவள் கேட்கவில்லை. நானே எழுதி, அவள் பெயரைப் போட்டு அச்சேற்றினேன். தெரிந்தே செய்தேன்!

ஐம்பதுகளின் கடைசி. திண்டுக்கல்லிலிருந்து வெளிவந்த ஒரு சினிமா வார இதழில் கேள்வி-பதில் பகுதி என் பொறுப்பு. வாசகர்கள் அனுப்பும் கேள்விகள் பக்கத்தை நிரப்பப் போதாது. மிச்சத்தை நானே கேட்டு, நானே பதில் சொல்வேன். எரியோடு முருகேசன், ஆத்தூர் சேவியர் என்று வாய்க்கு வந்த பெயரைப் போடுவேன். நீங்களும் அவற்றை ரசித்துப் படித்திருக்கலாம்...

கமலவேணி சேவுகம்பட்டிப் பள்ளியில் ஆசிரியை. ஒரு கல்யாணப் பந்தியில், நான் விமர்சனம் எழுதியிருந்த படத்தைப் பற்றிப் பேச்சு வந்தது.

"படத்தைப் பாக்காமலே எழுதிட்டீங்களா சார்? சாகாத ஆளையெல்லாம் சாக வச்சிருக்கீங்க" என்றாள்.

பந்தியே சிரித்தது. அவள் சொன்னது உண்மை. அதனால்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த இதழில் அவள் பெயரும் ஊரும் வந்தன. 'நான் சென்னைக்கு வந்தால் அந்தப் படத்தின் கதாநாயகன் என்னைக் கட்டிக்கொள்வாரா?' என்பது கேள்வி. புறப்படுமுன் கண்ணாடியை ஒருமுறை பார்த்துக்கொள்ளவும் என்பது பதில்.

அவள் முகத்தில் அம்மைத் தழும்புகள் உண்டு. அது தெரிந்துதான் எழுதினேன். எழுதும்போது சிரித்தேன்!

பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் பிள்ளைகள் கண்ணாடி வரைந்து வைத்தார்களாம். நிச்சயமாகியிருந்த கல்யாணத்தை மாப்பிள்ளை வீட்டார் நிறுத்தினார்கள்.

அப்போது நான் வருந்தினேனா, பயந்தேனா? இன்றும் தெரியவில்லை... அந்தக் கேள்வி ஆசிரியை அனுப்பியதன்று, தவறு எங்களுடையது என்று ஒரு மறுப்பு வெளியிட்டேன். 'என்னுடையது' என்று எழுதக் கை வரவில்லை.

மறுப்பைப் படித்தவர்கள் பழைய இதழைத் தேடிப் படித்தார்கள். பத்திரிகைக்காரன் இவளுக்காக ஏன் இப்படி உருகுகிறான் என்று ஊர் கேட்டது. எங்கள் இருவரையும் சேர்த்துப் பேசியது.

அவள் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, நானே கட்டிக்கொள்கிறேன் என்றேன். அவள் அப்பா மகளைப் பார்த்துச் சொன்னார்.

"தம்பி சொல்றதையும் செத்த யோசிச்சுப் பாரு, ஆத்தா."

"இவரைக் கட்டுனா ஊரு பேசுனது நெசம்னு ஆயிரும்ப்பா" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்க கெளம்புங்க சார்."

அந்த மாதமே அவள் வேலையை விட்டுவிட்டு ஊரை விட்டுப் போனாள். எங்கே என்று விசாரிக்கும் துணிவு எனக்கு வரவில்லை.

அறுபதுகள் முடியும்வரை அந்தப் பகுதியை நான்தான் எழுதினேன். பாதிக் கேள்விகள் அப்போதும் என்னுடையவையே. ஊர்களை மட்டும், நான் ஒருநாளும் போக நேராத தொலைவில் தேர்ந்தெடுத்துக்கொண்டேன்.