ஸ்வாப் ஃபைலில் கிடந்த மனு

கரண்ட் போனது காலை பதினொன்றரை மணிக்கு. கோட்டாறில் டி.டி.பி. சென்டர் நடத்திய ஸ்டெல்லா அக்கா உடனே எனக்கு ஃபோன் செய்தார். யு.பி.எஸ். பேட்டரி செத்துப் பல நாள் ஆகியிருந்தது. சேவ் செய்யாத ஒரு மனு போய்விட்டது. அப்போது நான் பக்கத்துத் தெருவில் கம்ப்யூட்டர் சர்வீஸ் இன்ஜினியர். வருஷம் 2008 என்று நினைவு.

அந்த மனு, புஷ்பம் என்ற கடற்கரை ஊர்ப் பெண்ணுடையது. வளைகுடா நாடொன்றுக்கு மீன்பிடிக்கப் போன அவர் கணவர், கடல் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு மூன்று மாதமாகச் சிறையில் இருந்தார். கலெக்டருக்குக் கொடுக்க வேண்டிய மனுவை புஷ்பம் எழுதிக்கொண்டு வரவில்லை. ஒன்றரை மணி நேரம் அழுதழுது சொன்னதை அக்கா நேராக டைப் செய்திருந்தார். "இனி ஒருக்கா சொல்ல எனக்கு ஆவாதுக்கா" என்று எழுந்த புஷ்பம், ஆஸ்பத்திரியில் கிடந்த மாமியாரைப் பார்த்துவிட்டு மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லி நெய்யூருக்கு பஸ் ஏறிவிட்டார்.

அதற்குள் கல்யாணக் கார்டுக்கு ஒருவர் வந்துவிட்டார். மனுவை மூடாமலே அக்கா ஃபோட்டோஷாப்பைத் திறந்து அந்த வேலையில் இருந்தபோதுதான் கரண்ட் போனது. வேர்டில் தானாகவே சேவ் ஆகும் வசதியையும், மெஷின் திணறுகிறது என்று அவரே முன்பு நிறுத்தியிருந்தார்.

ரேமில் இருந்தது கரண்ட் போனால் போனதுதான் என்று நான் கைவிரித்தேன். அக்கா விடவில்லை. முந்தின வாரம் 'வர்ச்சுவல் மெமரி போதவில்லை' என்று மெசேஜ் வந்தபோது நான் சொன்ன விளக்கத்தை எனக்கே திருப்பிச் சொன்னார். அந்த மெஷினில் ரேம் 128 எம்.பி.தான். பெரிய புரோகிராம் இடம் கேட்டால், பின்னால் சும்மா கிடப்பதை விண்டோஸ் துண்டு துண்டாக ஹார்ட் டிஸ்கில் ஸ்வாப் ஃபைல் என்ற ஒரு ஃபைலில் எழுதி வைக்கும். திரும்பத் தேவைப்படும்போது எடுத்துவரும். டிஸ்க் கறகறப்பதும் வேகம் குறைவதும் அதனால்தான்.

"டிஸ்குல எழுதுனது கரண்ட் போனா போவாதுல்லா? மனு பின்னாலதானே கெடந்துது. அப்பம் அதுக்குள்ள இருக்கும்லா தம்பி?"

 நாலு வருஷ சர்வீஸில் அந்த ஃபைலின் அளவைக் கூட்டியிருக்கிறேன், குறைத்திருக்கிறேன். உள்ளே என்ன இருக்கும் என்று பார்க்கத் தோன்றியதே இல்லை.

கரண்ட் வந்தாலும் மெஷினைப் போடக் கூடாது, விண்டோஸ் ஏறினால் அதே ஃபைலின் மேல் எழுதத் தொடங்கிவிடும் என்பது மட்டும் தெரிந்தது. டிஸ்கைக் கழற்றிக்கொண்டு, அக்காவையும் கூட்டிக்கொண்டு, ஜெனரேட்டர் ஓடிய எங்கள் கடைக்குப் போனேன். இன்னொரு மெஷினில் அதை இரண்டாவது டிஸ்காக மாட்டி, pagefile.sys என்ற அந்த ஸ்வாப் ஃபைலை, உள்ளிருப்பதை பைட் பைட்டாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தேன்.

அக்கா பயன்படுத்தியது பழைய தமிழ் ஃபாண்ட். ஃபாண்டை எடுத்துவிட்டால் தமிழ் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். 'கணவர்' என்பதற்கு எந்தெந்த ஆங்கில எழுத்து என்று அக்கா ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தந்தார். தேடினேன். எதுவும் இல்லை. பிறகுதான் வேர்ட் ஒரு எழுத்துக்கு இரண்டு பைட் வைக்கும் என்பது உறைத்தது. தேடும் முறையை மாற்றியதும் வந்து நின்றது, ஒவ்வொரு எழுத்துக்கும் பின்னால், காலியான இரண்டாவது பைட்டுக்கு ஒரு புள்ளியோடு.

அக்கா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

துண்டுகள் வரிசையாக இல்லை. முடிவு முதலிலும் தொடக்கம் வேறெங்கோவும் கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்து ஃபாண்ட் போட்டுக் கொடுக்க, எதன் பின் எது என்று அக்கா அடுக்கினார். ஒரு பத்தி மட்டும் கிடைக்கவில்லை. அது டிஸ்குக்குப் போகாமல் ரேமிலேயே இருந்திருக்க வேண்டும்.

கிடைத்ததை எங்கள் கடையிலேயே பிரின்ட் எடுத்தோம். மூன்று மணிக்கு புஷ்பம் அக்காவைத் தேடி அங்கே வந்தார். அக்கா நடந்ததை மறைக்காமல் சொல்லி, விடுபட்ட இடத்தைக் காட்டினார். கணவர் கடைசியாக ஃபோனில் பேசியது அங்கே வர வேண்டும். புஷ்பம் தாளை முழுதும் வாசித்துவிட்டு, "பிள்ளைக்குப் பேரு வச்சாச்சான்னு கேட்டாரு. அதுக்குள்ள லைன் கட்டாயிட்டு. அவ்வளவுதான்" என்றார். அந்த ஒன்றை மட்டும் அக்கா டைப் செய்தார்.

அடுத்த வருஷம் புஷ்பத்தின் கணவர் திரும்பி வந்தார். மனுவாலா என்று எனக்குத் தெரியாது.

இன்னொன்றும் அன்று பார்த்தேன். 'கணவர்' என்று தேடியபோது புஷ்பத்தின் மனு மட்டும் வரவில்லை. வேறு நாட்களில் வேறு பெண்கள் சொல்லி எழுதிய மனுக்களின் வரிகளும் வந்தன. அக்காவிடம் சொன்னேன்.

"எங்கிட்ட வந்து சொன்னவியளுக்கதெல்லாம் அதுல கெடக்கா?" என்று கேட்டார். சிலது கிடக்கிறது என்றேன்.

மெஷினை நிறுத்தும்போதெல்லாம் அந்த ஃபைலைத் துடைத்துவிடும் செட்டிங் ஒன்று விண்டோஸில் உண்டு. அன்றே அதைப் போடச் சொன்னார். ஷட்டவுன் ஆக ரொம்ப நேரம் பிடிக்கும் என்று எச்சரித்தேன், பரவாயில்லை என்றார். அதன்பின் யாருடைய டிஸ்க் என் கைக்கு வந்தாலும், தேவைக்கு மேல் ஒரு வரிகூட நான் வாசித்ததில்லை. வேலைக்குப் புதிதாக வருபவர்களிடமும் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.